ஆடி மாதத்தில் இறங்கிய கட்டடம்

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது அருப்புக்கோட்டையில், எங்கள் சேவை நிறுவனத்தின் மாடி அறையில். எண்பதுகளின் பிற்பகுதி அது. சமூகப்பணியில் பட்டம் பெற்று, பாலவனத்தத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தேன். நிறுவனத்தின் பொறியாளர் மேசைமேல் ஒரு வண்ணப் படத்தை விரித்து, "ப்ரீஃபேப்" என்றார். சுவர், கூரை, கதவு, சன்னல் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே செய்து, லாரியில் ஏற்றி வந்து, சிமெண்ட் தளத்தின்மேல் நிறுத்திப் போல்ட்டுகளால் முடுக்கிவிட்டால் அதுதான் கட்டடம். கொத்தனார் வேண்டாம், தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டாம், மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

படத்தில் இருந்த கட்டடம் பச்சைப் புல்வெளியின் நடுவே பளிச்சென்று நின்றது. அதன் அருகில் ஒரு மனிதர்கூட இல்லை என்பது எனக்கு உறுத்தியது. யாரும் இல்லாத கட்டடத்தை ஏன் படம் எடுத்தார்கள் என்று கேட்க நினைத்தேன். அறையில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்ததால் கேட்கவில்லை.

அந்தக் கட்டடம் திருச்சுழிக்கு அப்பால் இருந்த ஒரு கரிசல் கிராமத்துக்கு வரவிருந்தது. அங்கே பிரசவ விடுதி ஒன்றை நடத்தவும், அதிலேயே ஒரு நர்ஸைத் தங்க வைக்கவும் நிறுவனம் முடிவு செய்திருந்தது. அதுவரை அந்த ஊருக்கு வந்துபோன நர்ஸ் காலைப் பஸ்ஸில் இறங்கி, சாயங்காலப் பஸ்ஸில் ஏறிவிடுவார். வலி எடுப்பதற்குப் பஸ் நேரம் தெரியாது என்பதால், ஊர்ப் பெண்களுக்கு அவரால் பாதி உதவிதான் கிடைத்தது.

இந்தச் செய்தியை ஊருக்குள் கொண்டுபோவது என் பொறுப்பு. அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டியிருந்தது. 'முன்தயாரிப்புக் கட்டடம்' என்று எழுதிப் பார்த்தேன்; அரசாணை போல ஒலித்தது. 'ஆயத்தக் கட்டடம்' என்று மாற்றினேன். அருப்புக்கோட்டைத் துணிக்கடைப் பலகைகளில் 'ஆயத்த ஆடைகள்' என்று பார்த்த பழக்கம். இது மக்களுக்கு எளிதில் விளங்கும் என்று நம்பினேன். நான் நினைத்ததைவிடக் கூடுதலாகவே விளங்கியது.

ஊரில் இந்த விடுதிக்காக எல்லோரையும்விட ஆவலாகக் காத்திருந்தவர் மாதர் சங்கத் தலைவி. ஒரே மகளைப் பந்தல்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார். மகள் அந்த ஆனி மாதத்தில்தான் தலைமுழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அதில் அந்தப் பகுதியில் இரண்டாம் பேச்சே கிடையாது. ஆனால் மாப்பிள்ளையின் தாயார் சங்கத்தலைவியிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"எங்கூர்ல மெயின் ரோட்டுல நின்னு கையக் காட்டுனா லாரிகூட நிக்கும் மதினி. ஒங்கூர்ல சாயங்காலப் பஸ்ஸ விட்டா மறுநாதான். நர்ஸு ராத்தங்காத ஊருக்குப் புள்ளத்தாச்சிய எந்தத் தைரியத்துல அனுப்புறது? ஏழாம் மாசம் வரட்டும். அன்னைக்கு நர்ஸு அங்க குடியிருந்தா கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி இங்கயே பாத்துக்கிருவோம்."

பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கத்தலைவிக்குத் தாங்கவில்லை. "தலப்பிள்ளைய மாமியா வீட்டுல பெத்தான்னு பேரு வந்தா, நான் எந்த விசேசத்துக்குப் போயி முழிக்கிறது டீச்சர்?" என்றார். நான் ஆசிரியை இல்லை. படித்த பெண் எவளாக இருந்தாலும் அந்த ஊரில் 'டீச்சர்'தான்.

ஊர்க் கூட்டம் சாவடியில் நடந்தது. விடுதிக்கு நிலம் தருவதாக வாய்ச்சொல் கொடுத்திருந்த பெரிய சம்சாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். மிளகாயும் பருத்தியும் போடும் விவசாயக் குடும்பம். சங்கத்தலைவிக்கு அவர் அண்ணன் முறை. நான் 'ஆயத்தக் கட்டடம்' என்ற சொல்லைச் சொல்லி விளக்கம் கொடுத்து முடிக்கும் முன்பே பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"ரெடிமேட் சட்ட மாதிரின்னு சொல்லுங்க டீச்சர். எங்க மச்சான் பொங்கலுக்கு ஒண்ணு எடுத்தாரு. ரெண்டு தண்ணி கண்டதும் அது அவரு மகனுக்குத்தான் சேந்துச்சு."

"அப்ப ரெண்டு சைஸு பெருசா எடுத்தாரச் சொல்லுலே. மழ பேஞ்சாச் சுருங்கி அளவாயிரும்."

சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொருவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல நர்ஸம்மா வருவாக. பொறவு ஞாயித்துக்கெழமையில ஒருத்தரு மைக்கோட வருவாரு. ஆஸ்பத்திரி செவனேன்னு ஜெபக்கூடம் ஆயிரும்."

நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் என்பது ஊருக்குத் தெரியும். கோபப்பட்டால் அவர் சொன்னதை நான் ஒப்புக்கொண்டதாகிவிடும். "பொழுது சாஞ்சாக் கரண்டே இல்லாத ஊர்ல மைக்கு வந்து என்னண்ணே பேசப்போகுது?" என்றேன். அவரே முதலில் சிரித்தார். ஆனாலும் அந்தச் சந்தேகம் சாவடியை விட்டுப் போகவில்லை என்பதை உணர்ந்தேன். வெளியூரிலிருந்து ஒன்றைக் கொண்டுவருபவர்களைச் சந்தேகிப்பதற்கு வானம் பார்த்த அந்த ஊருக்கு ஏற்கெனவே பல காரணங்கள் இருந்தன. வாக்குக் கேட்டு வந்தவர்கள் ரோடு தருவதாகச் சொல்லிப் போயிருந்தார்கள். ரோடு போட வந்தவர்கள் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்த ஜல்லி நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது.

பிறகு பொறியாளர் எழுந்தார். கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும், செங்கல் சுவர் அதற்குத் தாங்காது, எடை குறைந்த இந்தக் கட்டடமே பொருத்தம் என்று அவர் சொன்னது சரியான விளக்கம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதில் இன்னொரு பெரிய வசதியும் இருக்கிறது. போல்ட்டைக் கழற்றினால் முழுவதையும் பிரித்து எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். ஒரு ஆணிகூட வீணாகாது" என்றார்.

சம்சாரி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எங்கூர்ல நிப்பாட்டுறதும் எங்கூர்லருந்து எடுத்துட்டுப் போறதும் ஒரே வேலதான். அப்பிடித்தான சார்?"

"ரொம்ப எளிது" என்றார் பொறியாளர், பெருமையோடு. கேள்வி எதைப் பற்றியது என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. அந்த வசதி யாருக்காகச் செய்யப்பட்டது என்ற எண்ணம் அன்றைக்குத்தான் எனக்குள் நுழைந்தது. நர்ஸின் வசதிக்கும் பிரசவத்துக்கு வருபவளின் வசதிக்கும் கட்டடம் கழன்று வர வேண்டிய தேவை இல்லை.

லாரிகள் ஆடி மாதத்தில் வந்து நின்றன. அலுவலகத்தில் நாள் குறித்தவர்கள் நாட்காட்டியைப் பார்த்தார்களே தவிர மாதத்தைப் பார்க்கவில்லை. ஆடியில் யாரும் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள், நிலை வைக்க மாட்டார்கள். நிலை என்பது வாசற்கால். எங்கள் பக்கத்தில் கட்டுமானத்தின் உயிர் அதுதான். அதை நிறுத்தும் நாளில்தான் ஒரு வீடு வீடாகத் தொடங்குகிறது. பாலவனத்தத்தில் எங்கள் வீட்டுக்கு நிலை வைத்தபோது போதகர் ஜெபம் செய்தார், ஆசாரி மஞ்சள் தடவினார். ஒருவர் மற்றவரைத் தடுத்ததாக எனக்கு நினைவில்லை.

லாரிகளை மறித்துக்கொண்டு ஊர் நின்றபோது பொறியாளர் பொறுமையிழந்தார். "ஆடியில் கட்டக் கூடாது என்றால் சரி. இது கட்டுவதே இல்லையே. வெறுமனே பொருத்துவதுதானே?"

சம்சாரி உடனே வழிவிட்டார். அந்த வேகம் எனக்கு நல்லதாகப் படவில்லை.

"பொருத்திக்கோங்க. கட்டலன்னு நீங்களே சொன்னத இத்தன பேரு கேட்டுருக்காக. நான் எடம் குடுத்தது கட்டடத்துக்கு. கட்டாம நிப்பாட்டுனா அது பந்தலு. பந்தலு போட எடம் கேட்டா யாரும் குடுப்போம். விசேசம் முடிஞ்சாப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிரணும். அதுக்கு நான் எதுக்கு திருச்சுழிக்குப் போயி பத்திரம் பதியணும்?"

கட்டடம் சில நாட்களில் எழுந்து நின்றது. சுவர் வெளிறிய நீலம், கூரை தகரம். கதவு தன் சட்டத்தோடு சுவர்ப்பலகையிலேயே பதிந்து வந்திருந்ததால் நிலை வைக்க அதில் இடமே இல்லை. ஊரார் அதற்கு 'லாரிக் கட்டடம்' என்று பெயர் வைத்தார்கள். நான் தேடியெடுத்த சொல்லை அதன்பின் யாரும் வாயில் எடுக்கவில்லை. சம்சாரியோ பத்திரம் பதிய மறுத்துவிட்டார். நிலம் பதிவாகாமல் நர்ஸை அனுப்ப முடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு சங்கத்தலைவி தினமும் அந்த வழியாகத் தண்ணீருக்குப் போய்வந்தார். பந்தல்குடியில் மகளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது.

யோசனை அவரிடமிருந்துதான் வந்தது. அண்ணன் முறைக்காரரின் களத்துக்கே போய், இருப்பு மிளகாய் வற்றல் மறுபடி காய்ந்துகொண்டிருந்த இடத்தில் நின்று கேட்டார். நானும் உடன் போயிருந்தேன்.

"அண்ணே, நிலை வச்சுட்டாக் கட்டடம்னு ஒத்துக்கிருவீகளா?"

"எங்கிட்டு வைப்ப? அந்தத் தகரத்துலயா?"

"தகரத்துக்கு முன்னால. செங்கலு வச்சு ஒரு முகப்பு கட்டி, அதுல வேப்பமர நிலைய நிறுத்துவோம். ஓடு போட்டு மூடுவோம். முகப்புச் செவரக் கொண்டுபோயி அந்தக் கட்டடத்தோட சேத்துப் பூசிருவோம். அம்புட்டையும் இடிக்காம ஒரு போல்ட்டக்கூட எவனும் கழட்ட முடியாது. நிலை வச்சத இடிக்க எந்தக் கொத்தனாரு வருவாரு?"

சம்சாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் புத்திய நீ ஒம் புருசன் வீட்டுக்கு வந்து படிச்சியா, இல்ல பொறக்கையிலயே இருந்துச்சா?"

"ஒங்க தங்கச்சிதான அண்ணே."

ஆவணியில் முதல் முகூர்த்தத்தன்று நிலை வைத்தார்கள். செங்கல்லை ஊரே கொடுத்தது. சுமங்கலிப் பெண்கள் மஞ்சளும் குங்குமமும் இட்டார்கள். நிலைக்கு அடியில் நவதானியம் போட்டார்கள். உச்சியில் மாவிலை கட்டினார்கள். ஜெபக்கூடம் என்று கேலி செய்தவர்தான் நிலையைத் தூக்கி நிறுத்த முதலில் தோள் கொடுத்தார்.

முகப்புக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது பொறியாளர் வந்து சேர்ந்தார். நீலச் சுவரின் போல்ட்டுகள்மேல் சிமெண்ட் அப்பியிருப்பதைக் கண்டு அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரைக் கேட்டுப் பூசினீர்கள்? ரெண்டு வருஷம் கழித்து இதை வேறு தாலுகாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று திட்டத்திலேயே இருக்கிறது. இப்படி ஒட்டி வைத்தால் எப்படிப் பிரிப்பது?"

கொத்தனாரின் கரண்டி நின்றது. சங்கத்தலைவி பொறியாளரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சருக்குத் தெரியாமயா இருந்துருக்கும்?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் அந்த நிமிடத்தில் என் வாயிலிருந்து வந்த உண்மைக்கும், தெரிந்துகொண்டே ஒருவர் சொல்லக்கூடிய பொய்க்கும் கேட்பவர் வித்தியாசம் காண வழியில்லை. மறுநாள் அலுவலகத்தில் கேட்டேன். "அது ஒரு உத்தேசம்தான். முடிவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டம் வரவில்லை" என்றார்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு நிறுவனத்திலிருந்து வரும் எந்தச் செய்தியையும் இரண்டாவது முறை கேட்காமல் ஊருக்குள் எடுத்துப் போவதில்லை என்று முடிவு செய்தேன். ஊரின் சந்தேகத்தை அறியாமை என்று என் அறிக்கைகளில் எழுதி வந்திருந்தேன். அதன்பின் அப்படி எழுதக் கை வரவில்லை.

சம்சாரி மட்டும் கலங்கவில்லை. "இப்பத்தான் பத்திரம் பதியணும்" என்றார். "நெலத்தையும் எழுதிக் குடுத்து நிலையும் வச்சாச்சுன்னா, எடுத்துட்டுப் போறவன் ஊரு மொகத்தப் பாத்துட்டுத்தான் எடுக்கணும். பாக்கட்டும்." அடுத்த வாரம் திருச்சுழிக்குப் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்.

புரட்டாசியில் நர்ஸ் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். வந்த மூன்றாம் நாளே நீலச் சுவருக்குள் படுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். பகலெல்லாம் குடித்த வெயிலைத் தகரம் இருட்டிய பிறகுதான் உள்ளே இறக்கியது. புல்வெளிப் படத்தில் ஏன் ஆள் இல்லை என்பதற்கு எனக்கு ஒரு விடை கிடைத்தாற்போல் இருந்தது. அவர் போய்விடுவார் என்றே நினைத்தேன். சங்கத்தலைவியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். காலையும் மாலையும் ஏதாவது சாக்குச் சொல்லி அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். ஆனால் நர்ஸ் தன் கட்டிலைத் தூக்கி முகப்பில் போட்டுக்கொண்டார். அடுப்பையும் அங்கேயே வைத்தார். செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமான அந்தச் சிறு இடம் குளிர்ச்சியாக இருந்தது. சந்தேகத்தால் கட்டியதில் மனுஷி குடியிருந்தார். திட்டம் போட்டுக் கொண்டுவந்ததில் மருந்துப் பெட்டிகளும் பிரசவக் கட்டிலும் இருந்தன.

ஐப்பசி மழை பலமாகவே பெய்தது. கரிசல் உப்பியது. பொறியாளர் எச்சரித்தபடியே செங்கல் முகப்பு அசைந்துகொடுத்தது. நீலச் சுவரிலிருந்து பூச்சு பெயர்ந்து, இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்தது. இப்போது யார் வந்தாலும் முகப்பைத் தொடாமலே உள்ளிருப்பதைக் கழற்றிக்கொண்டு போகலாம். சங்கத்தலைவி அந்த இடைவெளியில் ஒரு பழைய சாக்கைச் செருகி மறைத்து வைத்திருந்தார்.

மாப்பிள்ளையின் தாயாரான சம்பந்தி, வருவதாகச் சொல்லி அனுப்பாமல் ஒரு சனிக்கிழமை பந்தல்குடியிலிருந்து வந்து இறங்கினார். சொல்லாமல் வந்ததன் நோக்கம் எங்களுக்கு விளங்கியது. நேரே விடுதிக்கு நடந்தார். சங்கத்தலைவியும் நானும் பின்னால் போனோம். நீலச் சுவரைத் தட்டினார். ஓசை வந்தது.

"என்ன மதினி, டப்பா மாதிரி சத்தம் போடுது?"

"உள்ள பஞ்சு வச்சுருக்காக. குளுந்து கெடக்கும்" என்றார் சங்கத்தலைவி, முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு.

சம்பந்தியின் கை சாக்கிடம் வந்து நின்றது. உருவி எடுத்தார். இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். "ரெண்டும் தனித்தனியால்ல நிக்குது? லாரியில வந்தது லாரியில போயிரும்னு எங்கூரு வரைக்கும் பேச்சு இருக்கு. அது பொய்யில்ல போல."

பேசுவதில் யாருக்கும் சளைக்காத சங்கத்தலைவி அன்று முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்லலாம். நிறுவனத்தின் சார்பில் என்ன உறுதி தருவது? எனக்கே இல்லாத நம்பிக்கையை அந்த அம்மாளுக்கு விற்க விருப்பமில்லை.

நர்ஸ் ஊருக்குள் ஒரு வீட்டுக்கு ஊசி போடப் போயிருந்தார். சம்பந்தி முகப்புக்குள் நுழைந்து, கட்டிலைப் பார்த்தார், கொடியில் காய்ந்த சேலையைப் பார்த்தார். எதிலும் அவர் சமாதானம் ஆகவில்லை. சேலையை ஒரு நிமிடத்தில் மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். பிறகு அடுப்பின் ஓரத்தில் மூடியிருந்த இரண்டு பாத்திரங்களைத் திறந்தார். ஒன்றில் அரிசி, ஒன்றில் உளுந்து, இரண்டும் ஊறிக்கொண்டிருந்தன.

"என்னக் கண்டதும் ஊறப் போட்டதோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே உளுந்துக்குள் கைவிட்டு ஒன்றை நசுக்கினார். தோல் தானாகக் கழன்று வந்தது. காலையிலேயே போட்ட உளுந்து.

அப்போது நர்ஸ் திரும்பி வந்தார். முன்பின் தெரியாத ஒருவர் தன் உளுந்துக்குள் கைவிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இத எப்ப ஆட்டப்போறீக?" என்றார் சம்பந்தி, எந்தச் சங்கடமும் இல்லாமல்.

"சாயங்காலம். ஏன்?"

"இட்லி எப்ப?"

"நாளைக்குக் காலையில. இன்னைக்கு ஆட்டுனா நாளைக்குத்தானே புளிக்கும்?" நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரு டீச்சர் இவங்க?"

சம்பந்தி பாத்திரத்தை மூடினார். கையை முந்தானையில் துடைத்தார். சாயங்காலப் பஸ்ஸில் ஊருக்குப் போகிறவள் நாளைய இட்லிக்கு ஊறப்போட மாட்டாள் என்பதை அவர் சொல்லத் தேவையில்லை. நின்ற பெண்கள் எல்லோருக்கும் அது விளங்கியது.

"மதினி, கார்த்திகையில வளைகாப்பு. அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றார். வாசலைத் தாண்டும்போது நின்று, "ஆனா வாரத்துக்கு ஒருக்க நான் வாரேன். சொல்லிட்டு வர மாட்டேன்" என்றார்.

கட்டடத்தை எடுத்துப் போகும் உத்தேசம் நான் அங்கு வேலை பார்த்த காலம் முழுவதும் நடக்கவும் இல்லை, கைவிடப்படவும் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலையை விட்டு விலகும்வரை, திருச்சுழி ரோட்டில் காலி லாரி ஒன்று எதிரே வந்தால் பஸ் சன்னல் வழியாகத் திரும்பிப் பார்ப்பது என் பழக்கமாகியிருந்தது.

அந்தக் கார்த்திகையில், வளைகாப்பு அன்று காலை, மகளை அழைத்துவரப் பந்தல்குடிக்குப் புறப்பட்ட சங்கத்தலைவி தட்டுகளோடு பஸ்ஸுக்குப் போகாமல் நேரே விடுதிக்கு வந்தார். பட்டுச் சேலையில் இருந்தார். நர்ஸ் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா, இன்னைக்கு எங்கயும் போகலையே?"

"இத்தோட மூணு தடவ கேட்டாச்சு. போகல."

"நாளைக்கு?"

நர்ஸ் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "ஒங்க பேரப்புள்ளைய எடுத்துக் கையில குடுக்குற வரைக்கும் நான் இங்கனதான் கெடப்பேன். பஸ்ஸு போயிரும், கெளம்புங்க."

சங்கத்தலைவி இரண்டடி நடந்தார். பிறகு திரும்பி வந்து, அடுப்போரத்துப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார்.